ஒண்ணு, ரெண்டு, மூணு, வாங்க

சர்ச்சில் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு விரல் மட்டும்தான் சொந்தம். கண் இரண்டும் ஆராதனை நடத்துகிறவரின் கை மேலேயே கிடக்கும்.

இதன் கடைசியில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. சத்தியம் பண்ணக்கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருப்பதால் வெறுமனே 'இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆனால் இப்போதே தரமாட்டேன். பாடுகிறவர் வாயைத் திறக்கும்முன் கீபோர்டுக்காரி தனியாக நாலு சுற்று வாசித்துக்கொண்டே இருப்பாளே, அப்படிக் கொஞ்சம் காக்கவைப்பேன். அந்தக் கீபோர்டுக்காரி நான்தான். பெயர் பெனி. ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடித்தாயிற்று. யார் குரலையும் இரண்டு நிமிஷம் கேட்டால் போதும், அப்படியே பேசிவிடுவேன். எங்கள் ஹெச்.எம். குரலில் இரண்டாவது மாடி முழுவதையும் மழையில் பிரேயருக்கு இறக்கியிருக்கிறேன்.

முதலாளியின் புருவத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்கள், அம்மா பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலிருந்து வீட்டு நிலவரம் தெரிந்துகொள்கிறவர்கள் எல்லோரும் எங்கள் கஷ்டத்தில் பங்காளிகள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது 'அடுத்து என்னங்க?' என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. கையைப் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும்.

தலைமேல் கை

எங்கள் சபை கணபதியில், ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்கு மேல் மாடியில் நடக்கிறது. ஆராதனை நடத்துவது எஸ்தர் அக்கா. வாரத்தில் ஐந்து நாள் மூன்றாம் வகுப்பு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு டீச்சர். அக்காவின் சைகைகள் ரொம்ப எளிது. ஒரு விரல் என்றால் முதல் சரணம், இரண்டு விரல் என்றால் இரண்டாவது. சுட்டுவிரலைச் சுழற்றினால் இன்னொரு தடவை. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் சத்தம் கம்மி. கையை இறுக்கி மூடினால் எல்லோரும் டக்கென்று நிறுத்த வேண்டும். தலைமேல் கை வைத்தால் பல்லவிக்குத் திரும்ப வேண்டும்.

இந்தச் சைகைகளைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாகப் புடவை கட்டாதவர். எங்கள் சபையில் பெண்கள் முக்காடு போட்டுக்கொள்வது வழக்கம். அன்று அக்கா கட்டியிருந்தது புத்தம்புது சிந்தடிக் புடவை. அது தலையில் நிற்காமல் வழுக்கியது. அக்கா கையை உயர்த்தி முக்காட்டை இழுத்துவிட்டார்; நாங்கள் பல்லவிக்குத் திரும்பினோம். மறுபடி வழுக்கியது, மறுபடி இழுத்தார், மறுபடி பல்லவி. நாங்கள் ஏன் திரும்புகிறோம் என்று அக்காவுக்குப் புரியவில்லை. அக்கா ஏன் திரும்பச் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. நாலாவது தடவை பல்லவி வந்தபோது சபையில் சிலர் கண்ணீரோடு பாடினார்கள். ஏழாவது தடவை வந்த கண்ணீர் வேறு வகை.

ஆராதனை முடிந்ததும் எங்கள் டிரம்மர் ஸ்டீபன் அண்ணன், குச்சிகளைப் பைக்குள் போட்டபடி என் பக்கம் குனிந்தார். "பெனி, அக்காவுக்கு ரெண்டு ஊக்கு வாங்கிக் குடுத்துடலாம். இல்லாட்டி நாம பல்லவியிலயே குடியிருக்கோணும்."

கொசு

இன்னொரு ஞாயிறு. பாட்டு உச்சத்தில் இருக்கிறது. சபை முழுவதும் கையைத் தூக்கிக்கொண்டு பாடுகிறது. அக்காவின் முகத்துக்கு எதிரே ஒரு கொசு. அக்கா ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மூன்றாம் வகுப்பு டீச்சருக்கே உரிய வேகத்தில் காற்றிலேயே அதை லபக்கென்று பிடித்தார். கை மூடியது. டிரம்ஸ், பேஸ், கீபோர்டு மூன்றும் அந்த இடத்திலேயே நின்றன.

அப்படி ஒரு நிசப்தத்தை எங்கள் மாடி அதுவரை பார்த்ததில்லை. பாஸ்டர் மெல்ல எழுந்து தாழ்ந்த குரலில் ஜெபிக்க ஆரம்பித்தார். நாலைந்து பேர் முழங்காலில் நின்றார்கள். நாத்தனாரோடு இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்த ஒரு அம்மா, வரிசை தாண்டிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவால் கையைத் திறக்க முடியவில்லை; திறந்தால் உள்ளே இருப்பது விழும். கை திறக்காதவரை எங்களால் வாசிக்கவும் முடியாது. ஆளுக்கொரு சிலை மாதிரி நின்றோம்.

பாஸ்டர் தூத்துக்குடிக்காரர். அவர் குரலும் எனக்கு நன்றாக வரும்; மூக்கில் கொஞ்சம், வயிற்றில் மிச்சம். முடிந்ததும் எங்களிடம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எம்மா, எத்தனையோ சபையில ஊழியம் பாத்துட்டேன், இப்படி ஒரு அமைதிய நான் பாத்ததே இல்ல. அடுத்த வாரமும் அதே எடத்துல நிறுத்துங்க, கேட்டியளா?"

இஞ்சி டீ

இந்த இரண்டு விபத்துக்கும் பிறகு ராஜன் மாமா டாக்பேக் வைத்தார். ராஜன் மாமா எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரர். கீழே இருக்கும் வைண்டிங் கடை அவருடையதுதான். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசைக்குப் பின்னால் சவுண்ட் மிக்சரில் உட்காருவார். டாக்பேக் என்பது இரண்டாவது மைக். கால் பக்கத்தில் இருக்கும் சுவிட்சை மிதித்துப் பேசினால் சபைக்குக் கேட்காது. வாசிக்கிற எங்கள் மூன்று பேரின் காதுக்கும், மாமாவின் ஹெட்போனுக்கும் மட்டும் போகும். மிக்சர் மேலும் அதே மாதிரி ஒரு சின்ன மைக் உண்டு; மாமா அதில் பேசியதே இல்லை. அக்கா தன் காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. "என்னத்தையாவது சொருகிட்டா சபை பாடறது கேக்காதுங்க" என்றுவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் காதுக்குள் அக்கா குடிவந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளையே 'உக்காருங்க சாமி' என்று சொல்கிறவர், எங்களையா விடுவார்? "ஸ்டீபன் கண்ணு, கொஞ்சம் மெதுவாங்க." "பெனி அம்மணி, அழகா இருக்குதுங்க, இன்னும் ஒரு சுத்து போலாமுங்க." பாட்டைத் தொடங்கும்போது எல்லா ஊரிலும் நாலு வரை எண்ணுவார்கள். அக்கா நாலு சொல்லமாட்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு, வாங்க. ஏன் என்று கேட்டதற்கு, "நாலுன்னா மிரட்டற மாதிரி இருக்குது அம்மணி. கூப்பிட்டாத்தான வருவாங்க?" என்றார்.

இப்படி ஒரு குரல் கிடைத்தால் என்னால் சும்மா இருக்க முடியுமா? ஒரு சனிக்கிழமை பயிற்சியில், அக்கா தண்ணீர் குடிக்கக் கீழே போன நேரம் பார்த்து சுவிட்சை மிதித்தேன். டாக்பேக் வந்ததிலிருந்து ஸ்டீபன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பார். வேலை, பேக்கரியில் டீ மாஸ்டர். அக்கா குரலில், "ஸ்டீபன் கண்ணு, தப்பா நினைச்சுக்காதீங்க, இப்பெல்லாம் உங்க டீயில இஞ்சியே இல்லைங்களே" என்றேன். மூடிய கண்ணோடே அவர் முகம் வாடிப்போனது. "அப்படீங்களாக்கா?" என்றார் காற்றைப் பார்த்து. மறுநாள் காலை ஒரு பெரிய பிளாஸ்க்கோடு வந்து முதல் டம்ளரை அக்காவிடம் நீட்டினார். ஒரு வாய் குடித்த அக்காவுக்கு இருமல் தாங்கவில்லை. "என்ன சாமி இது, கஷாயமுங்களா?" ஸ்டீபன் அண்ணன் அக்காவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டு கட்டைகளில் தூசு தட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அக்கா நகர்ந்த பிறகு சொன்னார்: "உன்ற வாயை இந்த டீயை ஊத்தித்தான் கழுவோணும். ஆனா அந்தக் குரலை மட்டும் கழுவிப்போடாத, அச்சு அசல் அக்கா."

சிலேட்டு

பிப்ரவரியிலேயே அக்காவின் குரல் கரகரக்க ஆரம்பித்தது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நடுவில் தட்டி மட்டும் வைத்த அடுத்த அறையில் இன்னொரு நாற்பது. அவர்கள் வாய்ப்பாடு சொல்லும்போது இவர் பாடம் நடத்த வேண்டும். ஏப்ரலில் மேல் ஸ்தாயி சுத்தமாகப் போய்விட்டது. ஆர்.எஸ்.புரத்தில் தொண்டை டாக்டரிடம் காட்டினார்கள். குரல் வரும் இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு, எடுத்துவிடலாம் என்றார். பள்ளிக்கு லீவு விட்டதும் ஆபரேஷன் ஆயிற்று. மூன்று வாரம் ஒரு சொல் பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பழகி, ஜூனில் பள்ளி திறக்கும்போது குரல் தயாராக இருக்க வேண்டும். பேசமுடியாத டீச்சரை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளி என்ன செய்யும்? அதை யாரும் வெளியே சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்த முதல் ஞாயிறே அக்கா வந்துவிட்டார், கையில் மகனின் பழைய சிலேட்டோடு. 'பாட மாட்டேன். கை இருக்குது' என்று எழுதிக் காட்டினார். வாலிபர் குழுவில் இரண்டு பெண்கள் பாடினார்கள். அக்கா நடுவில் நின்று கையால் நடத்தினார். டாக்பேக்கில் பழகிப்போன ஸ்டீபன் அண்ணனுக்கு இப்போது கண்ணைத் திறந்து வாசித்தால் கை தடுமாறும். அதனால் டாக்பேக் மைக் என் பக்கம் வந்தது. அக்காவின் கையைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். என் சொந்தக் குரலில்தான் சொன்னேன். "ரெண்டாவது சரணம்." அண்ணன் ஒரு சுற்று பிந்தி வந்தார். "மெதுவா." அவர் நிறுத்தியே விட்டார். இரண்டு வருஷமாக ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவரிடம் திடீரென்று வேறு குரலைக் கொடுத்தால் என்ன ஆகும்? பாடுகிற பெண்கள் திணறினார்கள்.

மூன்றாவது பாட்டு தொடங்க வேண்டும். விளையாட்டுக்காக இல்லை, நம்புங்கள், எனக்கு வேறு வழி தோன்றவில்லை. உதட்டை மைக்கில் ஒட்டிவைத்து, அக்காவின் அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னேன்: "பதறாதீங்க கண்ணு. பொறுமையா போலாமுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, வாங்க." ஸ்டீபன் அண்ணன் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். அக்காவின் உதடு மூடியிருந்தது. அவர் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார். தாளம் வந்து உட்கார்ந்தது.

அக்காவிடம் சொல்லக்கூடாது என்று எங்களுக்குள் முடிவாயிற்று. போய்விடுமோ என்று அவர் பயந்துகொண்டிருக்கும் குரலை ஒருத்தி எடுத்து விளையாடுகிறாள் என்று தெரிந்தால் மனசு என்ன பாடுபடும்? ஸ்டீபன் அண்ணன்தான் இதையும் சொன்னார்: "சிரிப்பு வரும்னு நினைச்சேன் பெனி, வரலை. கை தானா வந்துருச்சு."

மாமாவின் நாலு 'ம்'

ராஜன் மாமா பேசி நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள், நாங்களே கேட்டதில்லை. அவரிடம் நாலு 'ம்' உண்டு. சரி என்பதற்கு ஒன்று, வேண்டாம் என்பதற்கு ஒன்று, சாப்பிட்டாயா என்பதற்கு ஒன்று, நாலாவது எதற்கென்று அக்காவுக்கே தெரியாது. நான் நாலையும் செய்வேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்தாவது ஞாயிறு, எல்லோரும் போன பிறகு நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மாமா மிக்சரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். "பெனி" என்றார். பயந்துபோனேன். டாக்பேக்கில் நான் பேசுவது அத்தனையும் அவர் ஹெட்போனில் கேட்கும் என்பதை இந்த மரமண்டை அப்போதுதான் யோசித்தது.

"கடைசிப் பாட்டுக்கு முன்னால சொன்னியே கண்ணு. அதை இன்னொருக்கா சொல்லு" என்றார். திட்டுவதற்கு முன் சாட்சி கேட்கிறார் என்று நினைத்தேன். மைக்கில் சொன்னேன். மாமா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு கழற்றி மடியில் வைத்து, என் ஆயுசில் நான் கேட்ட அவருடைய நீண்ட பேச்சைப் பேசினார். "டாக்டரு பேசலாம்னு சொல்லி பத்து நாளாச்சு. காயமெல்லாம் ஆறிப்போச்சாம். இவதான் வாயைத் தொறக்க மாட்டேங்கறா. என்ன குரல் வருமோன்னு பயம். ஊட்டுல பலப்பம் கீச்சுடற சத்தம் மட்டுந்தான். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் வேற தொறக்கறாங்க."

மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயெடுத்தேன். மாமா கையை அமுக்கிக் காட்டினார், அக்காவின் 'சத்தம் கம்மி' சைகை. "வாரத்துல ஒரு நாளு அவ எனக்குப் பேசறா. நீ நிறுத்திப்போடாத."

ஹெட்போன்

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமை பயிற்சி. அக்காவின் கையில் சிலேட்டு அப்படியே இருந்தது. நாங்கள் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்த இத்தனை வாரமும், அக்கா சபையைத் தாண்டி, கடைசி வரிசைக்கு அப்பால் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அந்த மனிதர் சிரிக்கிறார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் மிக்சரைப் பார்த்துச் சிரிக்காத மனிதர். அன்று முதல் பாட்டுக்கு முன்னாலும் அவர் சிரித்தார்; பாட்டு முடிந்ததும், அக்கா சிலேட்டை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, இடத்தை விட்டு இறங்கி நடந்தார்.

நான் குனிந்து அடுத்த பாட்டுக்கு ஸ்கேல் மாற்றிக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் அக்கா போவது தெரிந்தது. தண்ணீர் குடிக்க என்று நினைத்தேன். பழைய புத்தி விடுமா? உதட்டை மைக்கில் ஒட்டி, முழு அக்காவாக மாறினேன். "ஸ்டீபன் கண்ணு, இன்னைக்குப் பிரமாதமுங்க. ஆனா நம்ம பெனி அம்மணி இருக்கறாங்க பாருங்க, அவங்களாட்ட கீபோர்டு வாசிக்கிற பொண்ணு கோயமுத்தூர்லயே கெடையாதுங்க. அவங்களுக்கு உங்க பேக்கரியில இருந்து ரெண்டு முட்டை பப்ஸ் கொண்டாந்து குடுத்துடுங்க. போலாமுங்களா? ஒண்ணு, ரெண்டு, மூணு, வாங்க."

யாரும் வரவில்லை. நான் மட்டும் ஒரு கட்டையை அமுக்கிவிட்டுத் தலையைத் தூக்கினேன். ஸ்டீபன் அண்ணனின் கண் இரண்டும் திறந்திருந்தன. அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். மாடியின் கடைசியில், முக்காட்டுக்கு மேல் மாமாவின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அக்கா நின்றிருந்தார். பக்கத்தில் மாமா, வகுப்பில் பிடிபட்ட பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

அக்கா கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஹெட்போனில் கேட்டது இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்த மாதிரி அசையாமல் நின்றார். வாய் திறந்தது. மூடியது. கண் சிலேட்டைத் தேடியது. அது முன்னால், ஸ்டாண்டில். அப்புறம் ஆள்காட்டி விரல் ஒன்று மேலே எழுந்தது. முதல் சரணம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. தப்பாக எழுதிய நோட்டைக் கண்டால் டீச்சர்களுக்கு எழும் விரல் அது. மிக்சர் மேல் இருந்த சின்ன மைக்கை அக்கா குனிந்து பிடித்தார். எங்கள் காதுகளில் 'டக்' என்றது. ஒரு மூச்சு கேட்டது. பிறகு ஒரு குரல். மெலிசாக, புதுச் சாக்பீஸ் மாதிரி ஓரிடத்தில் கீறிக்கொண்டு, ஆனால் அக்காவேதான். "பெனி அம்மணி. மூணு சொல்லிப்போட்டு நான் ஒரு மூச்சு உடுவேனுங்க. அது இல்லாமயா இத்தனை வாரமா இவங்களைக் கூப்புட்டுட்டு இருக்கறீங்க?"

ஸ்டீபன் அண்ணனின் குச்சி கீழே விழுந்து உருண்டது. அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது, நான் உங்களுக்குச் சொல்லிவைத்திருந்த சிரிப்பு. ராஜன் மாமா. நாலு 'ம்'மிலும் சேராத, வைண்டிங் மோட்டார் முதல் சுற்றில் திணறி அப்புறம் ஓடுகிற மாதிரியான சிரிப்பு. அக்கா பிடித்திருந்த மைக் வழியாக எங்கள் மூன்று பேரின் காதுக்குள்ளும் வந்து நிறைந்தது. அதை மட்டும் எனக்கு இன்னும் பேசிக்காட்ட வரவில்லை. சிரித்துக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்தார். அக்கா ஹெட்போனைக் கழற்றி அதை ஒரு தடவை பார்த்தார், அவரை ஒரு தடவை பார்த்தார், மைக்கை மூட மறந்தே கேட்டார்: "ஏனுங்க, நான் பயந்துட்டு ஊட்டுல வாயை மூடிட்டு இருந்தப்ப, நீங்க மட்டும் இங்க உக்காந்து என்ற குரலைக் கேட்டுட்டு இருந்தீங்களா?"

ஆறு வாரம் ஒரு டீச்சரின் குரலை இரவல் வாங்கி ஓட்டியதற்கு எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிழைதிருத்தம். அந்த இரண்டு முட்டை பப்ஸ் இன்னும் வரவில்லை.